புறக்கணிக்க முடியாத காற்று

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த எவருக்கும் ஒரு வரி மனப்பாடம்: வளித்தடையைப் புறக்கணிக்க. எறிந்த பந்தும் சுட்ட சன்னமும் அந்த ஒரு வரியின் தயவில் அழகான பரவளைவாக வளைந்து, கணக்குச் சொன்ன இடத்திலேயே விழும். விடையும் அரைப் பக்கத்தில் முடியும். தொலைதூர இலக்குச் சூட்டைப் பொழுதுபோக்காகப் பழக வருகிறவர் முதலில் அழிக்க வேண்டியது அந்த வரியைத்தான். அவர் கற்கப்போவதில் பெரும்பகுதி, பரீட்சைத் தாள் புறக்கணிக்கச் சொன்ன அந்தக் காற்றைப் பற்றியது.

எண்களைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் பரவலாகப் புழங்கும் 7.62 மில்லிமீற்றர் ரைபிளின் சன்னம் சுமார் 10 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 900 மீற்றர். இலக்கு 1000 யார், அதாவது 914 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. காற்றே இல்லாவிட்டால் சன்னம் 1.02 செக்கனில் அங்கே போய்விடும். அதற்குள் ஈர்ப்பு அதை 5 மீற்றர் கீழே இழுத்திருக்கும். உண்மையான காற்றில் பயணம் சுமார் 1.5 செக்கன் எடுக்கிறது. இலக்கைத் தொடும்போது வேகம் பாதிக்கும் கீழே போயிருக்கும். கீழிறக்கமோ 9 மீற்றரைத் தாண்டிவிடும். சுடுபவர் எட்ட வேண்டிய இடம், அமெரிக்க முறை இலக்கில், 20 அங்குல விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டம், அரை மீற்றர். காற்றை மறந்து கணக்குப் போட்டவர் அந்த வட்டத்துக்கு ஏறத்தாழ நாலு மீற்றர் கீழே, மண்ணைத்தான் சுட்டிருப்பார்.

காற்று இவ்வளவு பெரிய ஆள் என்று முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ரொபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்த கணிதவியலாளர். அவர் காலத்தில் துவக்கில் இருந்து புறப்படும் குண்டின் வேகத்தை அளக்க வழியே கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? ரொபின்ஸ் ஒரு பாரமான ஊசலைத் தொங்கவிட்டு அதற்குள் குண்டைச் சுட்டார். குண்டு உள்ளே புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடியது. ஆடிய தூரத்தை அதில் கட்டியிருந்த நாடா காட்டியது. ஊசலின் திணிவு தெரியும், ஆட்டம் தெரியும். உந்தக் காப்பைக் கொண்டு குண்டின் வேகத்தைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம். துவக்குக்கு அருகே ஒருமுறை, தள்ளி ஒருமுறை என்று ஊசலை வைத்துச் சுட்டபோது, இடையில் இருந்த காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றது என்பதும் வெளிப்பட்டது. வேகமாகப் பறக்கும் ஈயக் குண்டொன்றின் மீது காற்றின் தடை அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! காற்று ஒரு பொருட்டே அல்ல என்று நம்பியிருந்த பீரங்கிக் கணக்கர்களுக்கு இது பேரதிர்ச்சி. இதையெல்லாம் எழுதி ரொபின்ஸ் 1742இல் வெளியிட்ட நூலை மாபெரும் கணித மேதை ஒய்லர் 1745இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார், தன்னுடைய நீண்ட விளக்கங்களையும் சேர்த்து.

ரொபின்ஸின் இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. துவக்கின் குழலை வேண்டுமென்றே இடப்பக்கமாகச் சற்று வளைத்து, வழியில் மெல்லிய தாள் திரைகளை நிறுத்திச் சுட்டார். வளைந்த குழலில் வந்த குண்டு இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும் என்றுதான் எவரும் சொல்வார்கள். தாளில் விழுந்த ஓட்டைகளோ, குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பி வருவதைக் காட்டின. வளைவில் உரசி உருண்டதால் குண்டு சுழலத் தொடங்கியது. அந்தச் சுழற்சியைக் காற்று பிடித்துக்கொண்டது. வழுவழுப்பான குழலில் இருந்து வரும் குண்டுகள் ஏன் ஒன்றைப்போல் ஒன்று போவதில்லை என்ற பழைய கேள்விக்கு இதில் விடை இருந்தது: ஒவ்வொரு குண்டும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையில் சுழல்கிறது. அப்படியானால் எல்லாக் குண்டையும் ஒரே மாதிரி, போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைத்தால்? குழலின் உட்புறத்தில் சுருளாக வரிவெட்டும் ரைபிளைப் பற்றி அவர் 1747இல் றோயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

அந்த மனிதரின் கடைசி நாட்கள் தமிழ் மண்ணில் கழிந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பனி தன் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக அவரை அனுப்பியது. 1750இல் கடலூரை அடுத்த சென் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர், 1751 ஜூலை 29 அன்று அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அதே கடலூரில் 1999இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீற்றர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். தற்செயல்தான். என்றாலும் எறிபொருள் அறிவியலின் வரைபடத்தில் கடலூருக்கு ஓர் இடம் உண்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ரொபின்ஸ் அளந்த காற்றைக் கண்முன் பார்க்க, இனி இலங்கை மலையகத்தின் லிந்துலைக்கு வருவோம். தலவாக்கலையில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், நானுஓயாவுக்கு முன்னால், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். இரண்டு மலைச் சரிவுகள் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் பள்ளத்தாக்கு. ஒரு சரிவில் சுடுபவர், மறு சரிவில் இலக்கு என்று எண்ணத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம். லயங்களும் கொழுந்து மலைகளும் நிறைந்த இடத்தில் உண்மையில் யாரும் சுடக்கூடாது; சட்டமும் அனுமதிக்காது. ஆனால் காற்றைப் பாடம் படிக்க இதைவிட நல்ல இடத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

முதல் பாடம் உயரம். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல்மட்டத்தில் இருந்து 1382 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லிந்துலையும் ஏறத்தாழ அந்த மட்டம்தான். இங்கே வளியமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்றைச் சற்று நெருக்கிவைப்பதால் அடர்த்தி அந்த அளவுக்குக் குறைவதில்லை. கொழும்பின் வெயில் வேளையில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 1.15 கிலோகிராம் என்றால் லிந்துலையில் சுமார் 1.03. பத்தில் ஒரு பங்கு மெலிந்த காற்று. கொழும்பில் 1000 யாருக்குச் சரிபார்த்த ரைபிளை அப்படியே இங்கே கொண்டுவந்து சுட்டால் சன்னம் அரை மீற்றருக்கும் மேல் உயரத்தில் போய் விழும். ரைபிளிலும் குறை இல்லை, சுடுபவரிலும் குறை இல்லை; மலையேறியதுதான் காரணம்.

அடுத்தது பக்கக் காற்று. இங்கேதான் மிக அழகான ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பக்கத்தில் இருந்து காற்று வீசுகிறது, சன்னம் 1.5 செக்கன் காற்றில் இருக்கிறது. 4ஐ 1.5ஆல் பெருக்கி, சன்னம் 6 மீற்றர் ஒதுங்கும் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது ஒதுங்குவது 2 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. காரணம், காற்று சன்னத்தைப் பயணம் முழுவதும் சுமந்துகொண்டு போவதில்லை. காற்றின் தடையால் சன்னம் எவ்வளவு நேரம் தாமதித்ததோ அந்தத் தாமதம் மட்டுமே கணக்கில் வரும். வெற்றிடத்தில் 1.02 செக்கன், காற்றில் 1.5, தாமதம் 0.48 செக்கன். அதை 4ஆல் பெருக்கினால் 1.9 மீற்றர். பிரெஞ்சு எறிபொருள் அறிஞர் டிடியோன் 19ஆம் நூற்றாண்டில் தந்த இந்தச் சூத்திரம் இன்றும் அப்படியே நிற்கிறது. வேகமான சன்னம் எப்போதும் காற்றுக்குக் குறைவாக ஒதுங்கும் என்பதுகூடச் சரியில்லை. குறைவாகத் தாமதிக்கும் சன்னம்தான் குறைவாக ஒதுங்கும். அதனால்தான் இந்த விளையாட்டில் நீண்டு மெலிந்து, பின்புறமும் குறுகிய சன்னங்களைத் தேடுகிறார்கள். லிந்துலையின் மெலிந்த காற்றில் தாமதமும் குறைவதால் அதே பக்கக் காற்று சன்னத்தை 20 சென்ரிமீற்றர் அளவு குறைவாகவே தள்ளும்.

மலை தரும் சலுகை அத்துடன் முடிகிறது. காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு அரை மீற்றர் தவறாக மதித்தால், இந்தக் கணக்கின்படி, சன்னம் கிட்டத்தட்ட கால் மீற்றர் தள்ளிப்போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விளிம்பு. அரை மீற்றர் வேகம் என்பது முகத்தில் உணர முடியாத வித்தியாசம். வட்டத்துக்குள் சுடுவதற்கும் வெளியே சுடுவதற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் இந்த மதிப்பீடுதான். விசையை அழுத்தும் விரலைப் பழக்கச் சில மாதங்கள் போதும். காற்றை வாசிக்கப் பழகுவது அந்தக் கணக்கில் அடங்காது.

லிந்துலையின் காற்று இலகுவில் பிடிகொடுக்காது. காலையில் வெயில் சரிவைச் சூடாக்க, காற்று பள்ளத்தில் இருந்து மேலே ஏறுகிறது. பனிமூட்டம் சரிவைத் தழுவி ஏறுவதைப் பார்த்தவர்கள் அந்த ஏற்றத்தைக் கண்ணாலேயே கண்டவர்கள். மாலையில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே கீழே இறங்குகிறது. மே மாதம் தொடங்கினால் தென்மேற்குப் பருவக்காற்று இந்த உள்ளூர் நடமாட்டத்தையெல்லாம் அடித்துக்கொண்டு மேற்கில் இருந்து வரும். எதிரெதிர்ச் சரிவுகளில் ஒன்றில் வெயிலும் மற்றதில் நிழலும் இருக்கும் வேளையில், சுடுபவரின் முகத்தில் ஒரு காற்று, இலக்கருகே இன்னொரு காற்று, நடுப்பள்ளத்துக்கு மேலே மூன்றாவது காற்று. அந்த மூன்றாவதுதான் கடினம். தரையோடு ஒட்டிய காற்றை மரங்களும் மேடுகளும் தடுத்து மெதுவாக்குகின்றன. பள்ளத்தின் மேல் வெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. சன்னம் கடந்துபோவது அந்த வெளியைத்தான். அங்கே காற்றைக் காட்டிக்கொடுக்க ஓர் இலைகூட இல்லை.

அடையாளங்களைத் தேடித் தேடித்தான் படிக்க வேண்டும். தேயிலைச் செடி இதற்குப் பெரிதாக உதவாது. கவ்வாத்து வெட்டி, மட்டமாக வளர்த்த விறைத்த செடி, மெல்லிய காற்றுக்கு அசைந்து கொடுக்காது. யூகலிப்டஸ் கொப்புகள் உதவும். லயத்துக் கூரைகளில் இருந்து எழும் அடுப்புப் புகை இன்னும் நன்றாக உதவும். இலைகள் சலசலத்து, முகத்தில் காற்று படுவது தெரிந்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 என்பது கடற்படை அதிகாரி போபோர்ட்டின் பெயரால் வழங்கும் அளவுகோல். சுடுபவருக்கு அருகில் வீசும் காற்றுக்கு முக்கியத்துவம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே திசை திரும்பிய சன்னம் மீதித் தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும்.

புகையும் மரமும் இல்லாத இடத்தில் கானல் கைகொடுக்கிறது. வெயிலில் சூடான நிலத்தை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்து மேலே எழ, ஒளி அதனூடே கோணலாக முறிந்து வருகிறது. தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்பாகக் குவித்துப் பார்த்தால் அந்த நெளிவு நீரோட்டம் போலத் தெரியும். நேரே மேலெழுந்து கொதித்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்று பார்வைக் கோட்டோடு வருகிறது. சாய்ந்து ஓடினால் காற்று அந்தப் பக்கம் வீசுகிறது. படுத்துக்கிடந்து வேகமாக ஓடினால் காற்று பலமாகிவிட்டது. மேலும் பலத்தால் நெளிவுகளே கலைந்துபோகும். ஜனவரி முதல் மார்ச் வரை, இந்த டிம்புல பகுதித் தேயிலைக்கு மணம் கூடும் அந்த வறண்ட தெளிந்த நாட்களில், கானலை வாசிக்கப் பழகலாம்.

பனிமூட்டத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பபிப்பிராயம் உண்டு: ஈரக்காற்று கனமானது, அதில் சன்னம் மெதுவாகப் போகும் என்று. நேர்மாறு. நீராவி மூலக்கூறின் திணிவு 18. உலர்காற்றின் சராசரி 29. நீராவி சேரச்சேரக் காற்று இலேசாகிறது. ஆனால் லிந்துலையின் குளிரில் முழு ஈரப்பதன்கூட அடர்த்தியை 1 வீதத்துக்கு மேல் மாற்றாது. மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளிகளோ ஒரு கன மீற்றரில் ஒரு கிராமைக்கூட எட்டுவது அரிது. சன்னம் மூட்டத்தைக் கவனிப்பதே இல்லை. இலக்கு தெரியாமல் போவது சுடுபவருக்குத்தான்.

சரிவுக்கு வருவோம். மேட்டை நோக்கிச் சுட்டால் சன்னம் தாழ்ந்து போகும், பள்ளத்தை நோக்கிச் சுட்டால் உயர்ந்து போகும் என்று உள்ளுணர்வு சொல்கிறது. இரண்டிலும் அது உயர்ந்தே போகும். ஈர்ப்பு செங்குத்தாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. பார்வைக் கோடு சாய்ந்திருக்கும்போது அந்த இழுவையில் ஒரு பகுதி மட்டுமே கோட்டுக்குக் குறுக்கே செயல்படுகிறது. மீதி கோட்டின் வழியே வீணாகிறது. 30 பாகைச் சரிவில் குறுக்கே செயல்படுவது 87 வீதம். சாய்வு மேலாக இருந்தாலும் கீழாக இருந்தாலும் அந்த எண் ஒன்றுதான். சமதரையில் 300 மீற்றருக்குச் சரிசெய்த ரைபிள் அந்தச் சரிவில் சுமார் 8 சென்ரிமீற்றர் உயரே அடிக்கும்.

இன்னும் இரண்டு நுண்மைகள். ஒன்று, ரைபிளின் வரிவெட்டு தரும் சுழற்சி. குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 3000 முறை சுழல்கிறது. பம்பரத்தைப்போல் அதுவும் தன் அச்சைக் காத்துக்கொள்கிறது. அதேசமயம் வளைந்து இறங்கும் பாதைக்கு ஏற்பத் தலையைத் திருப்பும்போது சற்று ஒருபக்கம் சாய்ந்தே பறக்கிறது. வலஞ்சுழி வரிவெட்டில், காற்றே இல்லாத நாளிலும், 1000 யாரில் அது 20 சென்ரிமீற்றர் அளவு வலப்பக்கம் போய்விடும்.

மற்றது பூமியின் சுழற்சி. சன்னம் பறக்கும் ஒன்றரைச் செக்கனில் பூமியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. இலண்டனுக்கு அருகே பிஸ்லி என்ற இடத்தில் 1890 முதல் புகழ்பெற்ற தொலைதூரப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே இந்தக் காரணத்தால் சன்னம் 1000 யாரில் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் விலகும். லிந்துலை வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் அதே விலகல் இங்கே ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் வேறொன்று இங்கே கூடுகிறது. கிழக்கு நோக்கிச் சுட்டால் சன்னம் பூமியின் சுழற்சியோடு சேர்ந்து ஓடுகிறது; ஈர்ப்பு சற்றே தளர்ந்ததுபோல் 10 சென்ரிமீற்றர் உயரே அடிக்கும். மேற்கு நோக்கிச் சுட்டால் 10 சென்ரிமீற்றர் கீழே. ஒரே தூரம், ஒரே காற்று, திசை மட்டும் மாறியதில் 20 சென்ரிமீற்றர். எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பது வட துருவத்தில் ஒரு பொருட்டே அல்ல. இலங்கையோ, அது உலகிலேயே மிக அதிகமாகப் பொருட்படும் இடங்களில் ஒன்று.

இந்த மலைகளில் ரைபிள் பழகியவர்கள் ஒரு காலத்தில் துரைமார் மட்டும். கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டு கலிப்போலிப் போர்முனையை அடைந்தது. 1949இல் படை கலைக்கப்பட்டது. மலையைத் திருத்தித் தேயிலை நட்ட மக்களுக்கு அந்தப் படையில் இடம் இருக்கவில்லை. பின்னர் வந்த நீண்ட போர், துவக்கு என்றாலே அச்சம் என்றாக்கிவிட்டது. அந்த அச்சம் நியாயமானது. அதை மதிப்பதால்தான், இந்த விளையாட்டின் சாரம் துவக்கில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். தோட்டப் பாடசாலை ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு இந்த அத்தியாயத்தின் எந்தக் கணக்கும் எட்டாதது அல்ல.

சுடப் பழக விரும்புகிறவர் எடுத்த எடுப்பில் 1000 யாருக்குப் போவதில்லை. இலங்கையில் துவக்குகளுக்கு 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழகுவது அங்கீகரிக்கப்பட்ட கழகத்தில், பயிற்றுநரின் கண்முன்னால். தொடக்கம் 10 மீற்றர் ஏர் ரைபிள். உள்ளரங்கில் சுடுவதால் காற்று முழுவதும் விலக்கப்பட்டுவிடுகிறது. 4.5 மில்லிமீற்றர் ஈயக்குளிகை, இலக்கின் நடுவில் அரை மில்லிமீற்றர் புள்ளி. பறக்கும் நேரம் ஒரு செக்கனில் பதினாறில் ஒரு பங்கு அளவு. அங்கே மிஞ்சுவது சுடுபவரின் உடல் மட்டும்: மூச்சு, இதயத்துடிப்பு, விரல். தசையை இறுக்கி ரைபிளை இலக்குக்கு இழுத்துப் பிடிப்பவர் களைத்த கணமே தவறுவார். எலும்புகள் பாரத்தைத் தாங்க, உடலை முழுவதுமாகத் திருப்பி, கண்ணை மூடித் திறந்தாலும் ரைபிள் இலக்கையே பார்த்தபடி இருக்கும் நிலையைக் கண்டுபிடிப்பதுதான் முதல் பயிற்சி. அடுத்த படி 50 மீற்றர், .22 ரைபிள். வேகம் செக்கனுக்கு சுமார் 330 மீற்றர்தான். நடு வட்டம் 10.4 மில்லிமீற்றர். திறந்த வெளியில் மெல்லிய காற்றே சன்னத்தை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். காற்றோடு முதல் அறிமுகம் அங்கே. பிறகு 300 மீற்றர், பிறகு 600 யார், 1000 யார்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத பயிற்சியும் ஒன்று உண்டு. துவக்கும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஒரு சிறிய காற்றுமானி, ஒரு தொலைநோக்கி, ஒரு கொப்பி. எதிர்ச் சரிவில் ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு, அங்கே வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் பார்த்தே மதித்து எழுத வேண்டும். கூட்டாளி ஒருவர் அந்த மரத்தடியில் நின்று காற்றுமானியில் அளந்ததைத் தொலைபேசியில் சொல்ல, அதைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். காலை, நண்பகல், மாலை. வெயிலில், மூட்டம் விலகும் வேளையில், மழைக்கு முன்னால். இரண்டு நிரல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, முன்பு கண்ட தாமதமான 0.48ஆல் பெருக்கினால், சுட்டிருந்தால் எத்தனை மீற்றர் தவறியிருக்கும் என்ற விடை வரும். லிந்துலையின் உயரத்துக்கு 0.42 போதும்.